எரிவாயுக் கலனுக்கு முன்னால் நிற்கும் கைகள்

ஆரணியில் எங்கள் தெரு நெசவாளர் தெரு. விடியற்காலையில் பாவு போடுவார்கள். தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் தெருவுக்குள் வண்டி எதுவும் வராது. குப்பை வண்டியும் தெருமுனையிலேயே நின்றுவிடும். தூய்மைப் பணியாளர் சுவரோரமாக ஒதுங்கி நடந்து வந்து, வாசல் வாசலாக வாளியை எடுத்துப் போவார். பாவில் யார் கையும் படக் கூடாது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஓர் இழை அறுந்தால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் அவர் சற்றுக் கூடுதலாகவே ஒதுங்கி நடக்க வேண்டும் என்று எங்கள் தெரு எதிர்பார்ப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவர் தூக்கிப் போகும் வாளியில் பழைய சோறு இருக்கும், காய்கறித் தோல், மீன் செதில், உடைந்த கண்ணாடி, குழந்தையின் டயப்பர், மாதவிடாய்த் துணி எல்லாம் இருக்கும். எல்லாம் ஒன்றாக.

நான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்வது இந்த வாளியின் ஒரு பகுதியைப் பற்றித்தான். சோறு, தோல், செதில் போன்ற ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது. ஆறு வருடமாக இதைப் படிக்கிறேன். இதில் அறிவியல் சிக்கல்கள் என்று நான் நினைத்தவற்றில் பாதி சாதிச் சிக்கல்கள் என்று புரிந்துகொள்ள நான்கு வருடம் ஆனது.

முதலில் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை எரிப்பது முட்டாள்தனம். போட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையைக் கொடுங்கையூருக்குக் கொண்டுவரத் திட்டமிட்டபோது வடசென்னை மக்கள் எதிர்த்தார்களே, அவர்கள் பக்கம் நியாயம் மட்டுமல்ல, வெப்பவியலும் இருந்தது. ஈரக் கழிவை ஈரமாகவே கையாள வேண்டும். காற்றுப் புகாத கலனில் அடைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் மூன்று நான்கு வாரங்களில் அதைச் செரித்து, பாதிக்கு மேல் மீத்தேன் உள்ள வாயுவாக மாற்றும். சுத்தமாகப் பிரித்த உணவுக் கழிவு ஒரு டன் கொடுத்தால் ஏறக்குறைய நூறு கன மீட்டர் வாயு கிடைக்கும். வீட்டு சிலிண்டர் கணக்கில் மூன்று சிலிண்டர். மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரம். கரியமில வாயுவை நீக்கி அழுத்தி அடைத்தால் பேருந்து ஓட்டலாம். செரிமானத்தைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் அமிலங்களிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்ய முடியும். இன்னொரு வழியும் இருக்கிறது. பெரிய பிரஷர் குக்கரைப் போன்ற ஒன்றில் 300 டிகிரி வெப்பத்தில் கடும் அழுத்தத்தில் வேகவைத்தால், கச்சா எண்ணெயைப் போன்ற ஒரு திரவம் கிடைக்கிறது. காயவைக்கத் தேவையே இல்லை.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. பிறகு ஏன் நம் ஊர்களில் கட்டிய கலன்களில் பல பூட்டிக் கிடக்கின்றன? பொறியாளர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: வரும் குப்பை சுத்தமாக இல்லை. பிளாஸ்டிக் உறை பம்பை அடைக்கிறது. மண்ணும் முட்டை ஓடும் அடியில் தங்கிக் கலனின் கொள்ளளவைத் தின்கின்றன. கழிப்பறை கழுவும் திரவம் நுண்ணுயிரைக் கொல்கிறது. சந்தைக் கழிவு ஓரளவு தப்பிக்கும். ஹைதராபாத் போயன்பள்ளி காய்கறிச் சந்தையில் நாளொன்றுக்குப் பத்து டன் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரம் எடுப்பதை 2021 ஜனவரியில் பிரதமர் தன் வானொலி உரையில் புகழ்ந்தார். சந்தையில் வருவது பெரும்பாலும் காய்கறி மட்டும்தான். வீட்டுக் குப்பை அப்படியல்ல.

என் முதல் ஆய்வுக் கட்டுரையில் ஒரு படம் வரைந்திருந்தேன். இடப்பக்கம் 'கழிவு' என்று ஒரு கட்டம், வலப்பக்கம் 'கலன்' என்று ஒரு கட்டம், நடுவில் 'முன் பதப்படுத்தல்' என்று ஒரு சின்னக் கட்டம். அந்தச் சின்னக் கட்டத்துக்கு ஒரு செலவு போட வேண்டும். மனிதர்கள் பிரிப்பதாகக் கொண்டு, கிடைத்த மிகக் குறைந்த கூலியைப் போட்டேன். திட்டம் லாபகரமாக வந்தது. கட்டுரையும் வெளியானது.

அடுத்த ஆண்டு வட மாவட்டத்தில் ஓர் ஊரில் அப்படியொரு சிறிய கலனைப் பார்க்கப் போனேன். கலன் பளபளப்பாக இருந்தது. அதன் முன்னால் சிமெண்ட் மேடை. மேடையைச் சுற்றி நான்கு பெண்கள். கிழிந்த கையுறையோடு இரண்டு பேர், வெறுங்கையோடு இரண்டு பேர். கொட்டிய குப்பையில் சோற்றை ஒரு பக்கம், டயப்பரை இன்னொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்த சின்னக் கட்டத்துக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான். நான்கு பேரும் ஒரே காலனியிலிருந்து வந்தவர்கள். அது எந்தக் காலனி என்று இந்த இணையதளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களில் மூத்த அக்காவிடம், கலந்த குப்பையை வீட்டு வாசலிலேயே வாங்க மறுத்தால் என்ன என்று கேட்டேன். இதுதான் எங்கள் பாடப்புத்தகம் சொல்லும் தீர்வு. அவர் சிரித்தார். "ஒரு தடவ சொன்னேன் தம்பி. பிரிச்சுக் குடுங்கம்மான்னு. பத்து மணிக்கு மேஸ்திரிக்குப் போன் வந்துருச்சு, எதுத்துப் பேசுறான்னு. மறுநாள் என்ன வேற வார்டுக்குப் போட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டு நான் எங்க போறது?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அந்தப் பதிலில் இருக்கிறது. கலனுக்குச் சுத்தமான ஈரக் கழிவு வேண்டும். அது வேண்டுமென்றால் கலந்த வாளியை யாராவது மறுக்க வேண்டும். மறுக்க வேண்டியவர் தினக்கூலி ஒப்பந்தத் தொழிலாளி. கொடுப்பது ஊர்த் தெரு, வாங்குவது காலனிப் பெண். நிரந்தர வேலை இல்லாமல், பின்னால் ஒரு சங்கம் இல்லாமல் அவரால் மறுக்க முடியாது. ஆகவே தூய்மைப் பணியாளரின் பணி நிரந்தரத்தைத் தொழிலாளர் நலத்துறையின் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. கலன் ஓடுவதற்கான தொழில்நுட்பத் தேவை அது. வெப்பநிலை, அமிலத்தன்மை என்று நாங்கள் எழுதும் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமை ஆக்கின. மாதவிடாய்த் துணி, டயப்பர் போன்றவற்றைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லின. சட்டப்படி இது கொடுப்பவரின் வேலை. நடைமுறையில் இது எடுப்பவரின் வேலையாகவே இருக்கிறது. படித்த, நல்ல சம்பளம் வாங்கும் வீடுகளிலும் இதுதான் கதை. பச்சை வாளி, நீல வாளி என்று விளம்பரம் ஓடுகிறது, ஆனால் பிரிப்பதில்லை. 'விழிப்புணர்வு போதாது' என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிக்கத் தெரியாதவர்கள் யாருமில்லை. பட்டு இழையில் எது இரண்டிழை, எது மூன்றிழை என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்பவர்கள் எங்கள் தெருக்காரர்கள். பிரிப்பதற்கென்றே பிறந்த ஒருவர் வருவார் என்ற நம்பிக்கைதான் எங்களைப் பிரிக்க விடாமல் வைத்திருக்கிறது.

கைகளால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் வரையறை சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த சாக்கடை, குழி, ரயில் பாதை என்று போகிறது. அந்த சிமெண்ட் மேடையில் நாள் முழுவதும் டயப்பரைப் பிரிக்கும் கை அதன் கண்ணில் படவில்லை. தொட்டியில் இறங்குபவர்கள் யார் என்ற கணக்காவது இப்போது இருக்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்த சுமார் 38,000 பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024-ல் செய்தி வந்தது. குப்பை பிரிக்கும் மேடைகளுக்கு அப்படியொரு கணக்கு எடுத்தால் என்ன வரும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆரணிக்கே திரும்பி வருகிறேன். இந்த ஊரில் கழிவு என்றால் குப்பைத்தொட்டி மட்டுமல்ல. பட்டு தவிர எங்களுக்கு அரிசி ஆலைகளும் உண்டு. ஆலையில் உமி வருகிறது, தவிடு வருகிறது, நெல் ஊறவைத்த தண்ணீர் வருகிறது. உமிக்கு விலை உண்டு, கொதிகலனுக்குப் போகும். தவிட்டுக்கு விலை உண்டு, எண்ணெய் எடுக்கப் போகும். ஊறல் தண்ணீருக்கு விலை இல்லை. புளித்து நாறும். பட்டிலும் இப்படித்தான். ஜரிகைத் துணுக்குக்கு வெள்ளி விலை. பழைய பட்டுப்புடவையை வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுக்கும்போது, அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரோடு போகிறது. அந்தப் பசை செரிசின் என்ற புரதம். உலகச் சந்தையில் அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கிறார்கள். நம்மிடம் அது சாக்கடை.

உமியை லாரியில் ஏற்றும் முதலாளிக்குச் சாதி இழுக்கு வருவதில்லை. ஜரிகைக் கழிவு வாங்குபவரை எங்கள் திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுக்கிறோம். காய்ந்த கழிவுக்கு விலை வந்துவிடுகிறது, விலை வந்ததும் அது யார் கைக்கும் போகலாம். ஈரமாக, அழுகி, நாறிக்கொண்டிருப்பது மட்டும் குறிப்பிட்ட சிலரின் கையிலேயே நிற்கிறது.

இப்போது இந்த ஈரத்துக்கும் விலை வரப்போகிறது. என் பயம் அங்கேதான் தொடங்குகிறது.

2018 அக்டோபரில் ஒன்றிய அரசு சதத் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023-க்குள் 5,000 அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகள் என்பது இலக்கு. அந்த ஆண்டு முடியும்போது நூறைக்கூடத் தொடவில்லை. இலக்கு கைநழுவினாலும் திசை மாறவில்லை. இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் ஆலையை 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் திறந்து வைத்தார். தனியார் நிறுவனம் கட்டி நடத்துகிறது. குப்பைக்காக நிறுவனம் மாநகராட்சிக்குப் பணம் தருகிறது. குப்பை ஒரு செலவு என்ற நிலை மாறி, அது ஒரு சொத்து என்று ஆகிவிட்டது. சொத்து என்றானதும் நிறுவனமும் உள்ளாட்சியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தொட்டு எடுத்தவருக்கு என்ன பங்கு என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?

திட்டத்தின் பெயரையும் கவனியுங்கள்: கோபர்தன். சாணமே செல்வம். ஈரக் கழிவு எல்லாவற்றுக்குமான திட்டத்துக்குப் பசுஞ்சாணத்தின் பெயர். இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1897-ல் பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்துப் பயன்படுத்தினார்கள். இந்தியாவின் தொடக்ககால எரிவாயு முயற்சிகளில் ஒன்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் கழிவிலிருந்து வந்தது. ஆனால் 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது சாண எரிவாயுவை. நுண்ணுயிருக்கு இரண்டும் ஒன்றுதான். அடுப்பங்கரைக்கு ஒன்றல்ல. மலத்திலிருந்து வந்த வாயுவில் சமைக்க மாட்டோம் என்ற தீட்டு, சாணத்தைப் புனிதமாக்கியது. சாணம் வேண்டுமென்றால் மாடு வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணம், அதாவது இரண்டு மூன்று மாடுகள். மாடு கட்ட இடம், தீவனத்துக்கு நிலம். மானியம் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளியவர் வீட்டில் விறகடுப்புப் புகைந்தது.

அதே கதை நகரத்தில் குப்பையை வைத்து மறுபடி நடக்கக் கூடாது. நடக்கும் அறிகுறிகள் தெரிகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13-ம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அரசு அவர்களுக்கு இலவசக் காலை உணவை அறிவித்தது. அவர்கள் கேட்டது சோறு அல்ல, வேலை. சமூகநீதி பேசும் ஆட்சிதான் இதைச் செய்தது என்பதை நாம் மென்று விழுங்க வேண்டியதில்லை. சூழலியல் பேசும் என் நண்பர்கள் பலர் அந்தப் பதின்மூன்று நாளும் பேசாமல் இருந்தார்கள். 'அது தொழிற்சங்கப் பிரச்சினை' என்றார்கள். கலன் கட்டுவது பசுமை, வேலை கேட்பது தொழிற்சங்கம் என்று பிரிக்க அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. இந்தப் பிரிப்பு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலன் என்பது மூடிய தொட்டி. அதற்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். மேலும் கூடினால் சில மூச்சில் ஆள் விழுவார். அடியில் மண் படிந்தால் யாராவது சுத்தம் செய்ய வேண்டும். பிரிக்காத குப்பை என்றால் அடிக்கடி. பாதாளச் சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம். ஆரணியிலிருந்து அதிக தூரமில்லாத ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். சுத்திகரிக்கக் கட்டிய தொட்டிதான் அது. 'பசுமைத் தொழில்நுட்பம்' என்று பெயர் வைத்ததால் எந்தத் தொட்டியும் பாதுகாப்பாகிவிடாது. பசுமை ஆலைகளைக் கட்டிக்கொண்டே போய், அடியில் படிந்ததை அள்ள மட்டும் பழைய ஆட்களையே தேடினால், மரணக் கணக்கில் புதிய தலைப்பு ஒன்று சேரும், அவ்வளவுதான்.

ஆரணி போன்ற ஊர்களுக்கு இந்தக் கலன்கள் வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். கமண்டல நாகநதியின் கரையில் அழுகும் கழிவைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்படி வருகிறது என்பதில் சண்டை போட வேண்டும். அரிசி ஆலையின் ஊறல் தண்ணீருக்கும், பசை எடுத்த தண்ணீருக்கும் ஆலையும் பட்டறையும்தான் பொறுப்பு. அந்தச் செலவை முதலாளிகளின் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டுக் குப்பைக்கு, கலந்த வாளியை வாங்க மறுக்கும் உரிமை தூய்மைப் பணியாளருக்கு எழுத்தில் வேண்டும். மறுத்ததற்காக இடமாற்றமோ நிறுத்தமோ கூடாது. பிரிக்கும் மேடை என்ற ஒன்றே திட்ட வரைபடத்தில் இருக்கக் கூடாது. மேடை இருந்தால் வீடுகள் பிரிக்காது. கலன் சுத்தம் செய்ய மனிதர் இறங்கத் தேவையில்லாத வடிவமைப்பு இல்லையென்றால் அனுமதி கூடாது. கலன் நிற்கும் இடம் காலனிக்குப் பக்கத்துப் புறம்போக்காகவே ஏன் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். எரிவாயு விற்ற பணத்தில் சேகரிப்பவர்களுக்குப் பங்கு வேண்டும், அதுவும் நிரந்தர வேலைக்கு மேல், அதற்குப் பதிலாக அல்ல. கிராமங்களில் தூய்மைக் காவலர்களின் மாத ஊதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனதைச் சாதனையாகச் சொல்லும் நாட்டில் இதெல்லாம் அதிகம் என்று தோன்றும். திட்ட அறிக்கையின் கூலிக் கட்டத்தில் நியாயமான தொகையைப் போட்டால் லாபம் வராது என்பார்கள். உண்மை. என் பழைய கட்டுரையின் கணக்கை நானே திருத்திப் போட்டுப் பார்த்தேன், நஷ்டம்தான் வருகிறது. இத்தனை நாள் வந்தது லாபமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. திருத்திய கணக்கை என் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன்.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது தெருவில் பாவு முடிந்து நான்கைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிக்காத குப்பையை இனி அவர்கள் வாங்க வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எதிர்வீட்டு மாமா, "அவங்க வாங்கலன்னா நாத்தம் யார் வீட்ல அடிக்கும்?" என்றார்.

"நம்ம வீட்லதான் மாமா" என்றேன்.

அவர் பாவைச் சுருட்டப் போய்விட்டார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் இரண்டு வாளிகள் இருந்தன. எதிர்வீட்டில் ஒன்றுதான்.